எக்ஸ்சேஞ்சில் போன பெட்டி

1

விஜயதசமி அன்று காலை, பூனாவில் தாபோடியில் இருக்கும் என் தையல் கடையில் இருந்தவர்கள்:

நான்.

என் வீட்டுக்காரர். ராணுவ ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் கற்பூரத் தட்டு.

மகள் மகேஸ்வரி. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை.

மாப்பிள்ளை செந்தில். கோயம்புத்தூர்க்காரர். பக்கத்துப் பாணேரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை.

எம்பிராய்டரி மெஷின். ஒரே ஊசித் தலை உள்ளது. கம்ப்யூட்டரில் பெயரை அடித்தால் கேபிள் வழியாக வாங்கிக்கொண்டு துணியில் தைக்கும்.

புதுக் கம்ப்யூட்டர். முந்தாநாள்தான் வந்தது. அதற்குச் சாமந்தி மாலை போட்டிருந்தோம்.

பழைய கம்ப்யூட்டர் இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நானூறு பெயர்ப் பட்டிகளைப் பக்கத்தில் இருக்கும் பட்டாளத்துக் கல்லூரியின் வாசலில் கொடுக்க வேண்டும். சட்டைப் பைக்கு மேல் இந்தியில் பெயர் தைத்திருப்பார்களே, அதுதான். கொடுக்காவிட்டால் அவர்கள் வைத்திருக்கும் கடைகளின் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிடுவார்கள். அடித்தால் கடை இல்லை. மற்றதெல்லாம் பள்ளிக்கூட பேட்ஜும் பிளவுஸ் பூவும். அதில் வாடகை வராது.

வீட்டுக்காரர் கற்பூரம் காட்டினார். மாப்பிள்ளை சுவிட்சைப் போட்டார். திரையில் ஒரு பென்குயின் பொம்மை வந்து உட்கார்ந்தது.

"ஆச்சுங்க அத்தை. இனிப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். மதியம் வரை பார்த்தேன். ஊசி அசையவில்லை.

இது நடந்து பல வருஷம் ஆகிறது. இப்போது எழுதக் காரணம், போன வாரம் மாப்பிள்ளை மறுபடி ஒரு புது லேப்டாப் கொண்டுவந்தார். "இப்ப எல்லாம் தானா எடுத்துக்கும்ங்க அத்தை" என்றார். பிள்ளைகள் வெளியூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தால் வீட்டில் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடும் என்று ஊரில் நம்புகிறார்கள். அவர்கள் படிக்கட்டும்.

2

நான் ஆறாம் வகுப்பு. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டினேன். கல்யாணம் ஆனதும் பூனா. ஊர் ஏக்கம் எல்லாம் எனக்குக் கிடையாது. மருந்து நாற்றத்துக்கு யார் ஏங்குவார்கள்?

ஒன்று மட்டும் சொல்வேன். அங்கே எந்தக் கம்பெனிக் குச்சியை எந்தக் கம்பெனிப் பெட்டியில் உரசினாலும் பற்றும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் செய்த சாமான் அது. பெரிய படிப்புப் படித்தவர்கள் செய்த சாமான் அப்படி இல்லை. இவன் பெட்டிக்கு அவன் வயர் சேராது. அவன் வயருக்கு இவன் சிடி சேராது. கேட்டால் முன்னேற்றம் என்பார்கள்.

பூனாவில் எனக்கு முதலில் பிரச்சினை தந்தது விண்ணப்பப் பாரம். இங்கே எந்தப் பாரத்திலும் மூன்று கட்டம். உன் பெயர், புருஷன் பெயர், குடும்பப் பெயர். மூன்றாவதற்கு நாங்கள் எங்கே போவது? வீட்டுக்காரர் ஊர்ப் பெயரை எழுதிவிட்டார். அன்றிலிருந்து நான் கோவில்பட்டி. கல்லூரி வாசலில் காவலுக்கு நிற்பவன்கூட "கோவில்பட்டி மேடம்" என்பான். ஒரு ஊரையே என் தலையில் கட்டிவிட்டார்கள். சுமக்கிறேன்.

அந்தப் பட்டியலில் ஏற மூன்று வருஷம் அலைந்தேன். ஒரு ஆபீஸில் கையெழுத்து, அடுத்த ஆபீஸில் அந்தக் கையெழுத்து யாருடையது என்று கேள்வி. அதை எழுதினால் இது முடியாது.

எம்பிராய்டரி மெஷினும் பழைய கம்ப்யூட்டரும் சேர்ந்து வந்தவை. தொண்ணூறுகளின் நடுவில், வீட்டுக்காரரின் பி.எஃப். பணத்தில் வாங்கியது. வெள்ளிக்கிழமை தோறும் அவர் அந்தக் கம்ப்யூட்டரின் நெற்றியில் மூன்று விரலால் திருநீறு பூசுவார். நெற்றி என்றால் சிடி போடும் தட்டுக்கு மேலே. பூசிப் பூசி அது சுரண்டினாலும் போகாத பட்டையாகிவிட்டது. மகேஸ்வரிக்கு அதைப் பார்த்தாலே வெட்கம். சிநேகிதிகளைக் கடைக்குக் கூட்டி வரமாட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளும் வருவதில்லை. "கடைய மூடிரும்மா, க்யூன் இத்தனா கஷ்டம்" என்பாள். ஏன் இவ்வளவு கஷ்டம் என்று கேட்கிறாளாம். அவள் படிப்புக்குப் பணம் கட்டியது அந்தக் கஷ்டம்தான் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் இந்தியில் பதில் வரும்.

3

தசராவுக்குப் புதுசு வாங்குவது இந்த ஊர் வழக்கம். கடைக்காரர்கள் அதற்கு முன்னாலேயே பலகை தொங்க விடுவார்கள். பழசைக் கொடு, புதுசை எடு.

"ஏனுங்க அத்தை, இந்தப் பொட்டிய வெச்சுட்டு எத்தன நாளைக்குங்க ஓட்டுவீங்க?" என்றார் மாப்பிள்ளை.

"ஓடுதே மாப்பிள்ளை."

"ஓடறது வேறங்க. இதுல போட்டிருக்கறது திருட்டு விண்டோஸ். தப்புங்க. புதுசுல லினக்ஸ் போட்டே தர்றான். காசே கெடையாது. வைரஸும் வராதுங்க."

"தையல் வருமா?"

சிரித்தார். "அதுக்கெல்லாம் சப்போர்ட் இருக்குங்க அத்தை."

வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "மாப்ள ஆசையாச் செய்யுதாரு. நீ சும்மா இரி பிள்ள."

சும்மா இருந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் கடை ஆட்கள் புதுசைக் கொண்டுவந்து வைத்தார்கள். பழசைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை கேபிளை மாட்டினார். "இருங்க, ஒருவாட்டி ஓட்டிப் பாத்தர்லாம்" என்று உட்கார்ந்தார்.

வீட்டுக்காரர் விடவில்லை. மறுநாள் சரஸ்வதி பூஜை. மெஷின், கத்தரிக்கோல், பாபின், கம்ப்யூட்டர் எலி முதல்கொண்டு எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, படத்துக்கு முன்னால் அடுக்கியாயிற்று. அடுக்கிவிட்டால் விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டும் வரை தொடக்கூடாது. அது எங்கள் வழக்கம். இருந்ததைக் கொடுத்துவிட்டோம். வந்ததைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஒரு முழு நாள் அதைக் கும்பிட்டோம்.

4

வெள்ளிக்கிழமை மதியம் மாப்பிள்ளை கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஏதேதோ அடித்துக்கொண்டிருந்தார். அடித்ததை அழித்தார். மறுபடி அடித்தார்.

"க்யா ஹுவா செந்தில்?" என்றாள் மகேஸ்வரி. என்ன ஆச்சு என்கிறாள். புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"இந்த எம்பிராய்டரி சாஃப்ட்வேர் விண்டோஸ்ல மட்டுந்தான் ஓடுமாட்ட இருக்குது."

"பெஹ்லே தேக்னா சாஹியே தா நா!"

முதலிலேயே பார்த்திருக்கக் கூடாதா என்று அர்த்தம். எங்கள் வீட்டில் கோபம் இந்தியில்தான் வரும். சோறு கேட்பது மட்டும் தமிழில்.

"பாக்கலாம்னா மாமா தொட விடலைல்ல" என்றார் அவர்.

"பூஜைக்கு வச்ச சாமானை எவன்யா தொடுவான்?" என்றார் வீட்டுக்காரர். "உங்க கோயமுத்தூர்ல தொடுவாகளா?"

"தொட மாட்டாங்க மாமா."

"பெறவு?"

மாப்பிள்ளை பைக்கை எடுத்துக்கொண்டு போய் யாரிடமோ ஒரு விண்டோஸ் சிடி வாங்கி வந்தார். அதுவும் திருட்டு சிடிதான். பென்குயின் வந்த லினக்ஸை அழித்து அதைப் போட்டார். சாயங்காலம் மெஷினோடு வந்த சிடியிலிருந்து தையல் சாஃப்ட்வேர் ஏறியது. திறந்தால் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அதோடு நின்றது.

மகேஸ்வரி படித்தாள். "லாக் இல்லையாம், அம்மா."

லாக் என்பது தீப்பெட்டியில் பாதி அளவு ஒரு டப்பி. கம்ப்யூட்டருக்குப் பின்னால், பிரிண்டர் வயர் மாட்டும் இடத்தில் செருகி இருக்கும். அது இருந்தால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். யாரும் நகல் போட்டு விற்கக் கூடாது என்று மெஷின்காரன் செய்த ஏற்பாடு. வந்த நாளில் செருகியது. அதைப் பெட்டியோடு பிறந்தது என்றே நினைத்திருந்தோம். அது பழைய பெட்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டு எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது. நான் வருஷக்கணக்காகச் சேர்த்த டிசைன்களும் இந்தி எழுத்துகளும் அந்தப் பெட்டிக்குள்தான்.

சனிக்கிழமை காலை மும்பையில் இருக்கும் மெஷின் ஏஜென்டுக்கு போன் போட்டோம். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்றது. அமுக்கினோம். ஒரு பெண் வந்தாள். புது லாக் வேண்டுமென்றால் பழைய லாக்கைத் திருப்பித் தர வேண்டும் என்றாள். பழைய லாக் இருந்தால் புதுசு எதற்கு என்றார் மாப்பிள்ளை. அது விதி என்றாள். தொலைந்துபோனால் போலீஸில் எழுதி வாங்கிய காகிதம், அசல் பில், ஆறு வாரம். அப்படியே வந்தாலும் இந்த மாடல் லாக்குக்குப் புது விண்டோஸில் டிரைவர் கிடையாது என்றாள். அதனால் புது மெஷினே வாங்கிவிடுங்கள், தசரா சலுகை இருக்கிறது என்றாள்.

"டிரைவர்னா என்ன மாப்ள?" என்றார் வீட்டுக்காரர்.

"கம்ப்யூட்டர் சொல்றது டப்பிக்குப் புரியோணும், டப்பி சொல்றது கம்ப்யூட்டருக்குப் புரியோணும்ங்க மாமா. நடுவுல துபாசி மாதிரி."

"அப்ப அந்தத் துபாசிய வரச் சொல்லுங்க."

"எழுதவே இல்லைங்களாம்."

"யாரு?"

"கம்பெனிக்காரங்க."

வீட்டுக்காரர் சட்டையை மாட்டினார். "பொட்டி எங்கிட்டுக் கெடக்குன்னு பாப்போம், வாங்க" என்றார்.

துபாசி என்றதும் ஒன்று எழுதத் தோன்றுகிறது. புலம்பெயர்ந்த மனிதனும் டிரைவர் இல்லாத மெஷின் போலத்தான் என்று படித்தவர்கள் எழுதுவார்கள். நான் எழுதமாட்டேன். நான் பூனா வந்தபோது எனக்கு ஒரு துபாசியும் இல்லை. காய்கறிக்காரியிடம் விரலைக் காட்டி வாங்கினேன். ஒரு மாதத்தில் விலையைக் குறைத்துக் கேட்டேன். மெஷின் அப்படிச் செய்யாது. எழுதித் தரும் வரை உட்கார்ந்திருக்கும்.

5

கம்ப்யூட்டர் கடை நகருக்குள், பேட்டைச் சந்து ஒன்றில். பின்னால் ஒரு கொட்டகை. அதற்குள் எக்ஸ்சேஞ்சில் வந்த பெட்டிகள் மலையாகக் கிடந்தன.

குங்குமத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்துப் போனேன். மராட்டிக்காரர்களும் தசராவுக்கு மெஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைப்பார்கள் என்பது அங்கே போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. எல்லாப் பெட்டியிலும் போன வருஷத்துக் குங்குமம். கும்பிட்டவர்கள் யாரும் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை.

"கௌன்சா? சப் சேம் ஹை" என்றான் கடை ஆள். எது உன்னுடையது, எல்லாம் ஒன்றுதானே என்கிறான்.

என் இந்தி அங்கே நின்றுவிட்டது. திருநீறு என்பதை எப்படிச் சொல்வது? வீட்டுக்காரர் முன்னால் வந்தார். தன் நெற்றியில் மூன்று விரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார்.

கடை ஆள் சிரித்தான். "அச்சா! வோ பட்டேவாலா!" ஓ, அந்தப் பட்டை போட்டதா என்கிறான்.

அவர்களும் அதை வைத்துச் சிரித்திருக்கிறார்கள். தனியாக ஒரு ஸ்டூலில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். பின்னால் எட்டிப் பார்த்தேன். லாக் இருந்தது. மாப்பிள்ளை பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தார். ஹார்ட் டிஸ்கும் இருந்தது. தசரா கூட்டத்தில் பிரித்து எடுக்க அவர்களுக்கு நேரமில்லை.

"லாக் மட்டும் எடுத்துக்கறோம் சேட்" என்றார் மாப்பிள்ளை, கடை முதலாளியிடம்.

"லாக்னு பில்லுல இல்ல" என்று சேட் இந்தியில் சொன்னார். "பில்லுல சிபியுன்னு இருக்கு. வேணும்னா முழுசா வாங்கு."

எங்களிடம் எடுத்த விலைக்கு இரண்டு மடங்கு சொன்னார். மூன்று நாளில் எப்படி ஏறியது என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"அண்ணா, உங்களுக்கு வேணும்ல. அதான் ஏறிருச்சு."

இந்த ஊரில் எனக்கு யாரும் இவ்வளவு நேராகப் பதில் சொன்னதில்லை. மாப்பிள்ளை பணத்தைக் கொடுத்தார். முகம் சிவந்திருந்தது. ரிக்‌ஷாவில் பெட்டி என் மடியில் வந்தது.

கடைக்கு வந்து லாக்கைப் பிடுங்கிப் புதுசில் செருகிப் பார்த்தார். போனில் சொன்னது சரி. புதுசு அதைச் சட்டை செய்யவில்லை. பழைய பெட்டியையே மேஜையில் ஏற்றிக் கேபிளை மாட்டினோம். முதல் தட்டில் திறந்தது. முழுப் பெட்டியை வாங்கிவந்தது எங்கள் புத்தி அல்ல. சேட்டின் பேராசை.

6

போன வாரம் வந்த லேப்டாப்புக்குத் திரும்புகிறேன். அதில் கேபிள் மாட்டும் ஓட்டையே கிடையாது. சின்ன சதுர ஓட்டைகள்தான். அதற்கு ஒரு மாற்று வயர், அந்த வயருக்கு ஒரு டிரைவர், அந்த டிரைவருக்கு ஒரு சிடி, அந்த சிடி போட லேப்டாப்பில் தட்டு இல்லை. மாப்பிள்ளை நெட்டில் இறக்கிக்கொள்ளலாம் என்றார். நெட் வருவதற்கு ஒரு குச்சி செருக வேண்டுமாம். அந்தக் குச்சிக்கும் ஒரு டிரைவர்.

நான் டீ போட எழுந்துவிட்டேன்.

பாணேரில் அவர்கள் வீட்டில் ஒரு இழுப்பறை முழுக்க வயர்கள். எது எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியாது. தூக்கிப் போடவும் மனசு வராது. மகேஸ்வரி என்னை அங்கே வந்து இருக்கச் சொல்கிறாள். லிஃப்ட் இருக்கிறதாம். கீழே நீச்சல் குளம் இருக்கிறதாம். அதில் நான் என்ன செய்வது, துணி அலசுவதா?

7

சனிக்கிழமை மதியம் மெஷின் ஓட ஆரம்பித்தது. ஒரு ஃபிரேமில் ஆறு பெயர் தைக்கும். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கீழே. வேகமாக ஓட்டினால் நூல் அறும்.

எனக்கு இந்தி எழுத்து படம்தான். கல்லூரி கொடுத்த பெயரைப் பார்த்து, அதே படத்தை விசையில் தேடி அமுக்குவேன். ஒரு பெயருக்கு ஒரு டீ ஆறிவிடும். மற்ற மாதங்களில் பரவாயில்லை. அன்று முடியாது.

மகேஸ்வரி வாசலில் நின்றாள். கைப்பை தோளில். கிளம்பத்தான் நின்றாள். கொஞ்ச நேரம் என் விரலைப் பார்த்தாள்.

"தள்ளு அம்மா" என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவள் படித்து அடித்தாள். நான் ஃபிரேம் மாட்டினேன். வீட்டுக்காரர் வெட்டினார். மாப்பிள்ளை தரையில் சம்மணம் போட்டு, பின்பக்கத்து நூல் பிசிறுகளைக் கத்தரித்தார். ஆபீஸில் அவருக்குக் கீழே பத்துப் பேராம். கத்தரிக்கோலைப் பிடிக்கத் தெரியவில்லை. இரண்டு பட்டியில் பெயரையே வெட்டிவிட்டார்.

"மாப்ள, ஷிண்டேயோட காலையே வெட்டிட்டீரே" என்றார் வீட்டுக்காரர்.

"சாரிங்க மாமா."

"எங்கிட்ட எதுக்கு? ஷிண்டேகிட்டச் சொல்லும்."

மகேஸ்வரி சிரித்தாள். அந்தக் கடையில் அவள் சிரித்து நான் பார்த்துப் பல வருஷம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயரில் அவள் நின்றாள். "செல்லா... செல்லபாண்டி? யே க்யா நாம் ஹை?"

"உங்க பெரியப்பா பேருட்டி அது" என்றேன்.

"பெரியப்பா பேரு பாபுஜி தானே?"

ஊரில் அவரை எல்லோரும் பாபு என்பார்கள். இவள் அதோடு ஒரு ஜியைச் சேர்த்துவிட்டிருக்கிறாள். செல்லப்பாண்டி என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு அடித்தாள். ஊர்க்காரப் பையன் ஒருவன் அந்த வாசலுக்குள் சல்யூட் அடித்துக்கொண்டிருக்கிறான். அவன் பெயரைத் தமிழ்க் குடும்பம் ஒன்று இந்தியில் தைக்கிறது. அவனுக்கு இது தெரியாது. தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

திங்கட்கிழமை விடிந்தபின் ஊசி ஒடிந்தது. மாட்டுவதற்குள் ஃபிரேம் நகர்ந்து கடைசித் துணி கோணிக்கொண்டது. தேறியதை வெட்டி எடுத்தோம். தேறாததைக் கூடையில் போட்டோம். மறுபடி ஒரு ஃபிரேம் ஓட்ட நேரமில்லை. எத்தனை தேறியது என்று எண்ணவும் நேரமில்லை. ரப்பர் பேண்டு போட்டுப் பையில் கொட்டினேன்.

8

மாப்பிள்ளையின் பைக்கில் போனேன். அவருக்கு வாசல் பாஸ் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார்.

வாசல் அறையில் ஹவில்தார் ஒருவர்தான் சாமான் வாங்குவார். மீசை, மூக்குக் கண்ணாடி. வேலையில் கறார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"டைம் சரி, கோவில்பட்டி மேடம். நானூறு இருக்கா?" இந்தியில்தான் கேட்டார்.

"எண்ணலை சாப்."

"எண்ணாமலா கொண்டு வந்தீங்க?"

"மெஷின்ல கொஞ்சம் பிரச்சினை."

"என்ன பிரச்சினை?"

பென்குயின், லாக், துபாசி, பட்டை. என் இந்தியில் இதில் எதைச் சொல்வது? "கம்ப்யூட்டர் மாத்தினோம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். தன் மேஜையைக் காட்டினார். அங்கேயும் ஒரு புதுக் கம்ப்யூட்டர், உறையோடு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அவர் கையால் எழுதும் பெரிய ரிஜிஸ்டர் திறந்திருந்தது.

"எங்களுக்கும் மாத்தினாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பாருங்க. அஞ்சு வரைக்கும் குறைஞ்சா நாளைக்குக் கொண்டு வரச்சொல்லி நானே எழுதிக்குவேன். ஆறு குறைஞ்சா மேல சொல்லணும். மேல சொன்னா உங்க பேரை அடிச்சிருவாங்க. அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

சரி என்றேன்.

பட்டிகளை மேஜையில் கொட்டினார். ஒவ்வொன்றாகப் பெயரைப் பார்த்து, பத்துப் பத்தாக அடுக்கினார். அவசரமே இல்லை. பின்பக்கம் நூல் பிசிறு இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். இரண்டு தடவை டீ குடித்தார். ஒரு தடவை போன் பேசினார். பேசி முடித்து, விட்ட இடம் மறந்து, அந்த வரிசையை முதலிலிருந்து எண்ணினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். நாற்காலி இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

கடைசி அடுக்கு பத்து வரவில்லை. அதை மட்டும் மறுபடி எண்ணினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேனாவைத் திறந்து ரிஜிஸ்டரில் எழுதினார்.

முந்நூற்றுத் தொண்ணூற்றாறு.